சுட்டுவதும் சுடுவதும்: வாசகர் கேள்விகளுக்கு பதில்

வேலூர் தோட்டப்பாளையத்தில் 2009 முதல் 2015 வரை நான் நடத்திய கேம் சென்டரைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். டிவியில் மாட்டி ஆடும் நின்டெண்டோ வீ என்ற மெஷினில், ரிமோட்டை டிவி பக்கம் நீட்டிச் சுடும் கேம்களுக்குத்தான் அங்கே எப்போதும் கூட்டம் என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்ஸி, இன்வர்ட்டர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை இது மட்டும்.

நான் ஃபோனில் பிஜிஎம்ஐ என்ற சுடும் கேம் ஆடுகிறேன். ஃபோனைச் சாய்த்துக் குறி வைக்கும் கைரோ போட்டுத்தான் ஆடுவேன். நீங்கள் சொல்லும் வீ கேமும் அதே மாதிரிதானே? அதில் அப்படி என்ன தனி ருசி?
(கல்லூரி மாணவர், குடியாத்தம்)

குடியாத்தத்துக்காரர் கேட்பதால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வைகாசி முதல் தேதி அந்தக் கூட்டத்தில் பலூன் சுடும் கடை பார்த்திருப்பீர்கள். பலகை நிறைய பலூன், கையில் ஒரு ஏர்கன். துப்பாக்கியை முதல் தடவை தொடும் பையனுக்குக்கூட அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. தோளில் வைக்கிறான், ஒரு கண்ணை மூடுகிறான், சிவப்பு பலூன் பக்கம் நீட்டுகிறான். படுகிறதோ இல்லையோ, எங்கே நீட்டுவது என்பதில் அவனுக்குக் குழப்பமே கிடையாது.

அதே பையனிடம் இரண்டு குச்சி வைத்த சாதாரண கன்ட்ரோலரைக் கொடுங்கள். இடது குச்சி நடப்பதற்கு, வலது குச்சி பார்ப்பதற்கு. முதல் ஐந்து நிமிஷம் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான், அப்புறம் தரையைப் பார்ப்பான், சுவரில் முட்டிக்கொண்டே நிற்பான். என் கடையில் இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவன் மேல் தப்பில்லை. வலது குச்சி 'அங்கே' என்று இடத்தைச் சொல்வதில்லை. 'இந்தப் பக்கம் இவ்வளவு வேகத்தில் திரும்பு' என்று வேகத்தைச் சொல்கிறது. ஆட்டோக்காரரிடம் 'அந்த வேப்பமரத்துக்கிட்ட நிறுத்துங்க' என்று சொல்வது ஒன்று. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ தாண்டிட்டீங்க, பின்னாடி வாங்க' என்று சொல்வது இன்னொன்று. குச்சியில் ஆடுபவர்கள் இந்த இரண்டாவது பேச்சை மாதக்கணக்கில் பழகி, கடைசியில் அற்புதமாக ஆடுகிறார்கள். ஆனால் அது பழகிய பிறகுதான்.

வீ ரிமோட்டில் அந்தப் பழக்கமே தேவையில்லை. நீட்டிய இடத்தில் குறி நிற்கும். ரிமோட்டின் அடியில் பி பட்டன் இருக்கிறது, ஆள்காட்டி விரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில். அந்த விரலுக்கு நம் மொழியில் சுட்டுவிரல் என்று இன்னொரு பெயர். கைக்குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே நிலாவைக் காட்டுவது அந்த விரலால்தான். யாரும் கற்றுக்கொடுக்காமல் மனிதனுக்கு வருகிற வித்தை அது. இந்த கேம்கள் அந்த வித்தையை எடுத்துக்கொண்டன. சுட்டுவதும் சுடுவதும் ஒரே கையில், ஒரே நொடியில். ருசி என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அது இதுதான்.

உங்கள் ஃபோன் கைரோவுக்கு வருகிறேன். ஸ்கோப் போட்ட பிறகு துப்பாக்கி உதறி மேலே ஏறும்போது, ஃபோனை லேசாகச் சாய்த்துக் கீழே இழுத்துப் பிடிப்பீர்கள் இல்லையா? அந்தச் சின்னத் திருத்தத்துக்குக் கட்டைவிரலைவிட மணிக்கட்டு நல்லது என்று உங்கள் கையே கண்டுபிடித்திருக்கிறது. அது வரைக்கும் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் கைரோ எவ்வளவு திரும்பினாய் என்பதை மட்டும்தான் சொல்லும். டிவியில் நீங்கள் காட்டுகிற புள்ளி எது என்று அதற்குத் தெரியாது. அதோடு ஃபோனில் துப்பாக்கியும், கேமைக் காட்டும் ஜன்னலான திரையும் ஒன்றே. துப்பாக்கியைத் திருப்பினால் ஜன்னலும் திரும்பிவிடும். டிவி சுவரில் அசையாமல் இருக்க, கை மட்டும் போய் அதில் ஓர் இடத்தைத் தொடுவது வேறு சுகம்.

டிவி மேல் வைக்கும் அந்த 'சென்சார் பார்' எப்படி ரிமோட்டைக் கண்டுபிடிக்கிறது?
(சிப்காட் தொழிலாளி, ராணிப்பேட்டை)

அது எதையும் கண்டுபிடிப்பதில்லை. பெயர்தான் சென்சார் பார், உள்ளே சென்சாரே கிடையாது. இரண்டு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தரும் எல்இடிகள் இருக்கின்றன, பக்கத்துக்கு ஐந்து. அவ்வளவுதான். கண் இருப்பது ரிமோட்டின் மூக்கில். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்ன கேமரா இரண்டு ஒளிப் புள்ளிகளையும் பார்க்கிறது. ரிமோட்டை இடப்பக்கம் திருப்பினால் புள்ளிகள் கேமராவுக்குள் வலப்பக்கம் நகரும். அதை வைத்துத்தான் நீங்கள் திரையில் எங்கே காட்டுகிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது. இரண்டு புள்ளிக்கு இடையில் தெரியும் தூரம் குறைந்தால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கப்பல்காரன் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதைப் போல.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2012 மின்வெட்டு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கடையில் இன்வர்ட்டரில் ஒரு டிவியும் ஒரு வீயும் மட்டும் ஓடும், லைட்டும் ஃபேனும் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் இருட்டிவிட்டது என்று டிவிக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன். உடனே ஆடிக்கொண்டிருந்த பையன் கத்தினான்: 'அண்ணா, குறி துள்ளுது!' ரிமோட்டைத் தட்டிப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன், சென்சார் பாரைத் துடைத்தேன். ஒன்றும் சரியாகவில்லை. வேறு எதற்கோ எழுந்தபோது என் உடம்பு மெழுகுவத்தியை மறைத்தது, குறி அடங்கிவிட்டது. நகர்ந்தேன், மறுபடி துள்ளியது. அப்போதுதான் உறைத்தது. தீயிலும் அகச்சிவப்பு இருக்கிறது. ரிமோட்டின் கண்ணுக்கு அந்தச் சுடர் மூன்றாவது எல்இடி.

அன்று கடை மூடியதும் சென்சார் பாரைக் கழற்றிவிட்டு, டிவிக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு மெழுகுவத்தி வைத்து ரிமோட்டை நீட்டினேன். குறி வந்துவிட்டது. காற்றில் சுடர் அலைந்தால் குறியும் லேசாக அலைந்தது, அவ்வளவுதான். அந்த இருட்டில் இரண்டு சுடரை வைத்துக்கொண்டு ஒரு ரவுண்டு முழுக்க ஆடினேன். இத்தனை வருஷமாகியும் அந்த ராத்திரி அப்படியே மனசில் இருக்கிறது.

உங்களுக்கு உபயோகமான விஷயம்: பார் வேலை செய்கிறதா என்று பார்க்க ஃபோனின் செல்ஃபி கேமராவை அதன் பக்கம் காட்டுங்கள். முனைகளில் ஊதா நிறத்தில் மினுக்கினால் உயிர் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று டிவி ஸ்டாண்டில் அகல் வைக்காதீர்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் டிவி பக்கம் அடித்தாலும் இதே தொல்லைதான். வேலூர் வெயிலுக்கு நான் திரை வாங்கியது புழுக்கத்துக்காக அல்ல, இதற்காக.

எங்கள் வீட்டில் பழைய டிவி கேம் இருக்கிறது. வாத்து சுடும் துப்பாக்கியோடு வந்தது. புது எல்இடி டிவியில் போட்டால் ஒரு வாத்துகூட விழ மாட்டேன் என்கிறது. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
(இல்லத்தரசி, சத்துவாச்சாரி)

கெட்டிருக்காது அம்மா. அந்தத் துப்பாக்கி குண்டு விடுவதில்லை, வெளிச்சத்தை வாங்குகிறது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழாய்க்குள் இருக்கும் ஒளி உணர்வி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். பழைய குண்டு டிவியில் படம் வருகிற வேகத்துக்கும் ஒளிக்கும் தக்கபடி செய்த வேலை அது. புது டிவி படத்தை வாங்கி, சீர்செய்து, சற்றே தாமதித்துக் காட்டுகிறது. துப்பாக்கி எதிர்பார்க்கும் நேரத்தில் அந்த வெள்ளை வருவதில்லை.

வீ ரிமோட் திரையையே பார்ப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளியைத்தான் பார்க்கிறது. அதனால் என் கடையில் இருந்த 21 இன்ச் குண்டு டிவியிலும் ஓடியது, அப்புறம் வாங்கிய தட்டை டிவியிலும் ஓடியது. உங்கள் வாத்துக்கு ஒரே வழி, யார் வீட்டுப் பரணிலாவது குண்டு டிவி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான்.

பத்து வயது மகன் சுடும் கேம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கையை நீட்டி நிஜமாகச் சுடுவது போலவே ஆடுவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வாங்கித் தரலாமா?
(தாய், ஆற்காடு)

உங்கள் பயத்தைச் சின்னதாக நினைக்க மாட்டேன். கட்டைவிரலால் ஆடுவதைவிடக் கையை நீட்டி ஆடுவது உடம்புக்கு நெருக்கமானது. அதனால்தான் பிடிக்கிறது, அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு உறுத்துகிறது.

டப்பாவில் வயது போட்டிருக்கும், அதைப் பாருங்கள். கால் ஆஃப் டியூட்டி வரிசையில் பெரும்பாலானவை 17 வயதுக்கு மேல். மனிதர்களை மனிதர்கள் சுடும் போர், ரத்தம், அலறல். பத்து வயதுக்கு வேண்டவே வேண்டாம். மெட்ராய்ட் பிரைம் 3-க்கு 13 என்று போட்டிருக்கிறது. அதில் எதிரி வேற்றுக்கிரகப் பிராணி. உங்கள் பையனுக்கு நான் சொல்வது ஸ்ப்ளட்டூன். 2015-ல் வந்தது, இப்போது மூன்றாம் பாகம் நின்டெண்டோவின் ஸ்விட்ச் மெஷினில் கிடைக்கிறது. துப்பாக்கியில் வருவது பெயின்ட். ஆளை அடிப்பதைவிடத் தரையை நம் நிறத்தில் நனைப்பதில்தான் ஜெயிப்பு இருக்கிறது. நாம் ஆளின் கண் வழியாகப் பார்க்க மாட்டோம், முதுகுக்குப் பின்னால் இருந்து பார்ப்போம். கன்ட்ரோலரைச் சாய்த்துக் குறி பார்க்கலாம். ஹோலிப் பண்டிகை மாதிரி இருக்கும், வீட்டில் கறை படாது.

கடையில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். ரிமோட்டை டிவி பக்கம் மட்டும்தான் நீட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் முகத்துக்கு நேராக விளையாட்டுக்குக்கூட நீட்டினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, காசும் திரும்பக் கிடையாது. பையன்கள் இரண்டே வாரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்திக்கொண்டார்கள். வீட்டிலும் இதை வையுங்கள். அப்புறம், முதல் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு ரவுண்டு ஆடுங்கள்.

பையன் வாங்கி வந்த வீயில் ஆடிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் தோள் வலி, அரை மணி நேரத்தில் தலைசுற்றல். வயது 61. எனக்கு இது சரிப்படாதா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி)

சரிப்படும் ஐயா. தோள் வலிக்குக் காரணம், சினிமா போலீஸ் மாதிரி கையை முழுசாக நீட்டிப் பிடித்திருப்பீர்கள். எல்லாரும் முதலில் அப்படித்தான் பிடிப்பார்கள். ரிமோட்டுக்குத் தேவை மணிக்கட்டின் கோணம் மட்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்கையைத் தொடை மேலோ ஒரு தலையணை மேலோ ஊன்றிக்கொள்ளுங்கள். சேனல் மாற்றும்போது எப்படிப் பிடிப்பீர்களோ அப்படிப் போதும். இடது கையில் இருக்கும் நன்சக், அதாவது ரிமோட்டோடு வயரில் இணைந்த, நடப்பதற்கான குச்சி வைத்த துண்டு, மடியிலேயே கிடக்கலாம். டிவியிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்காருங்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் கண் நகர்கிறது, உடம்பு நகரவில்லை. ஆளின் கண் வழியாகப் பார்த்துச் சுடும் எந்த எஃப்பிஎஸ் கேமிலும் அது சிலருக்கு வரும். இங்கே கூடுதலாக ஒன்று: கை நடுங்கும்போதெல்லாம் பார்வையும் சேர்ந்து ஆடினால் சீக்கிரம் சுற்றும். பல கேம்களில் அதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. திரை நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறி அந்த ஜன்னலுக்குள் சுற்றும் வரை பார்வை அசையாது, அதைத் தாண்டி ஓரத்துக்குப் போனால்தான் திரும்பும். அந்த ஜன்னலைப் பெரிதாக வையுங்கள். அறையில் ஒரு விளக்கு எரியட்டும். பத்து நிமிஷம் ஆடிவிட்டு எழுந்து தண்ணீர் குடியுங்கள். தலை சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், தாக்குப்பிடித்து ஆடினால் அன்று முழுக்க விடாது.

கேமரா முன்னால் வெறுங்கையோடு நின்று ஆடும் கைனெக்டில் சுடும் கேம் நன்றாக இருக்குமா?
(வாசகர், பேரணாம்பட்டு)

என் அபிப்பிராயத்தில் இல்லை. 2010-ல் வந்த அந்த கேமரா கைகால் அசைவை நன்றாகப் பிடிக்கும், விரலை மடக்கியதைத் துல்லியமாகப் பிடிக்காது. பட்டன் இல்லாத துப்பாக்கி. நடனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷனில் (பிஎஸ்) இரண்டு குச்சி வைத்த பேட் பிடித்து ஆடும் நண்பர்கள், ரிமோட் காட்டி ஆடுவது சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறார்கள். நேருக்கு நேர் வைத்தால் யார் ஜெயிப்பார்கள்?
(தோல் தொழிற்சாலை சூப்பர்வைசர், ஆம்பூர்)

குறி வைப்பதில் ரிமோட். சட்டென்று முதுகுப் பக்கம் திரும்புவதில் பேட்.

முதலில் உங்கள் நண்பர்களிடம் இதைக் கேளுங்கள்: பேடில் ஆடும்போது எதிரி பக்கத்தில் குறி வந்ததும் அது தானாக லேசாக ஒட்டிக்கொள்கிறதே, அது யார் செய்யும் வேலை? எய்ம் அசிஸ்ட் என்று கேமே கொடுக்கும் கைத்தாங்கல் அது. குச்சியால் மட்டும் நுணுக்கமாகக் குறி வைப்பது கஷ்டம் என்று கேம் செய்தவர்களுக்கே தெரியும், அதனால்தான் கொடுக்கிறார்கள். ரிமோட்டில் அந்த உதவி அவ்வளவு தேவைப்படவில்லை. தலையில் பட்டால் உங்கள் கைதான் பட வைத்தது. இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான் விட மாட்டேன்.

திரும்புவது விஷயத்தில் அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேலே சொன்ன அந்த ஜன்னலைத் தாண்டிக் குறியை ஓரத்துக்குக் கொண்டுபோனால்தான் பார்வை திரும்பும் என்பதால், பின்னால் இருந்து ஒருவன் சுடும்போது ஒரு கணம் தாமதமாகும். அந்தக் கணத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 2009-ல் வந்த தி கான்ட்யூட் இதற்கு நல்ல வழி செய்தது. ஜன்னலின் அளவு, திரும்பும் வேகம், எந்த பட்டனுக்கு என்ன வேலை என்று எல்லாவற்றையும் ஆடுகிறவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கதை சுமார்தான், படமும் சுமார்தான். ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தில் அவ்வளவு அக்கறை. என் கடைக்கு வரும் பழைய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு உண்டு, தையல்காரரிடம் சட்டை அளவு இருப்பது போல. நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் அவரவர் அளவைப் போட்டுக் கொடுப்பேன்.

பிஎஸ்3-லேயே 2010-ல் மூவ் என்று ஒளிரும் பந்து வைத்த ரிமோட் வந்ததே, அதையும் நண்பர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். அங்கே கேமரா டிவி பக்கம், விளக்கு கையில். வீக்கு நேர் தலைகீழ். பந்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து தூரம் கணக்கிடும். கில்ஸோன் 3-ஐ அதில் ஆடச் சொல்லுங்கள்.

பழைய வீ ஒன்று மலிவாகக் கிடைத்தது. சுடும் கேம்களில் எதை வாங்கலாம்?
(பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை, ஆரணி)

மெட்ராய்ட் பிரைம் 3. இரண்டாவது யோசனையே வேண்டாம்.

2007-ல் வந்தது, டெக்சாஸ் ஆஸ்டினில் இருக்கும் ரெட்ரோ ஸ்டுடியோஸ் செய்தது. அதில் சுடுவது பாதிதான், மீதி கையால் செய்யும் வேலை. ஒரு கதவைத் திறக்க வேண்டும் என்றால் பட்டனை அழுத்திவிட்டுப் போக முடியாது. ரிமோட்டை முன்னால் தள்ளி, திருகி, பின்னால் இழுக்க வேண்டும். திரையில் அந்தக் கைப்பிடி நம்மோடு சேர்ந்து திரும்பும். எதிரி கேடயத்தோடு வந்தால் இடது கை நன்சக்கை வீசி ஒளிக்கயிற்றால் பிடித்து, ஒரே சுண்டு சுண்டி இழுத்தால் கேடயம் பிய்ந்து வரும்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சேலை கொடுக்க வேலூர் வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். நெசவுக்காரர், நாற்பது வயதிருக்கும், அதுவரை எந்த கேமும் ஆடியதில்லை. எங்கள் பையன்கள் நன்சக்கைத் தோளிலிருந்து வேகமாக இழுத்து, பாதி தடவை கோட்டை விடுவார்கள். அவர் முதல் தடவையே மணிக்கட்டை மட்டும் சின்னதாகச் சுண்டினார். கேடயம் வந்துவிட்டது. மறுபடியும் வந்தது. 'நாடா இழுக்கிற மாதிரிதானேங்க' என்றார். தறியில் நாடாவைப் பக்கத்துக்குப் பக்கம் ஓட விட இருபது வருஷமாகக் கயிற்றைச் சுண்டிய கை அது. பலத்தில் ஒன்றுமில்லை, நிறுத்துகிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு அப்புறம் அவர் வந்தால் நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் தறி இருந்தால் அப்பாவையும் ஒரு தடவை ஆடச் சொல்லுங்கள்.

மற்றவை வேகமாக. கோல்டன்ஐ, 2010-ல் வீக்கு வந்தது, நான்கு பேர் ஒரே டிவியைப் பிரித்துக்கொண்டு ஆடலாம். ரெட் ஸ்டீல், 2006-ல் வீ அமெரிக்காவில் வெளியானபோதே கூட வந்தது; துப்பாக்கி, வாள் என்று ஆசை காட்டியது, வாள் வீச்சு நம் கைக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் பாகம் 2010-ல் வந்தது, ரிமோட்டில் மோஷன் பிளஸ் என்ற கைரோ துண்டு இருந்தால்தான் ஓடும். அதில் வாள் சொன்னபடி கேட்கும். முதல் பாகத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாம்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். நான் சென்னையில் ஒரு கடையில் மலிவு என்று நான்கு ரிமோட் வாங்கி வந்தேன். மேலே பார்க்க அசல் மாதிரியே இருந்தது. உள்ளே கேமரா மட்டம். டிவியின் ஓரத்துக்குப் போனால் குறி காணாமல் போகும். ஒரே மாதத்தில் நான்கும் ஓரம் கட்டப்பட்டன. கடையிலேயே டிவியில் போட்டு, குறியை நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மணிக்கட்டுக் கயிறு இல்லாத ரிமோட்டை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இவ்வளவு நல்லதென்றால் இப்போது ஏன் இந்த மாதிரி கேம்கள் அதிகம் வருவதில்லை?
(பொறியியல் மாணவி, காட்பாடி)

வீயின் படம் 480 வரிகளோடு நின்றுவிட்டது. அதே சமயத்தில் மற்ற கன்சோல்கள் எச்டிக்குப் போய்விட்டன. பெரிய சுடும் கேம்கள் அந்தப் பக்கம் போனபோது பேடுதான் வழக்கமானது. ஆடுகிறவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் வித்தை சாகவில்லை. ஸ்விட்ச்சில் கைரோவாக இருக்கிறது. டூம் மாதிரி கேமிலும் சேர்த்தார்கள். தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியில் இரண்டு கையும் நிஜமாகவே நீள்கிறது. 2020-ல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸில் துப்பாக்கியில் குண்டு நிரப்புவதைக்கூடக் கையால் செய்ய வேண்டும். 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் கன்ட்ரோலரைப் படுக்க வைத்து மவுஸ் போலவே நகர்த்தலாம், புது மெட்ராய்ட் பிரைம் 4-ல் அப்படிக் குறி பார்க்கலாம். காட்டிய இடத்தில் குறி நிற்க வேண்டும் என்ற ஆசை எப்படியோ வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது.

நான் உங்கள் கடையில் ஆடியவன். ஏன் மூடினீர்கள்? அந்த மெஷின் இப்போது எங்கே?
(பழைய வாடிக்கையாளர், கொசப்பேட்டை)

எல்லார் பாக்கெட்டிலும் ஃபோன் வந்துவிட்டது தம்பி. மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து வர யாருக்கும் தேவை இல்லாமல் போனது. 2015 பொங்கலுக்குப் பிறகு ஷட்டரை இறக்கினேன்.

நீ ஆடிய காலத்தில் வங்காளத்திலிருந்து வந்த அந்தப் பையன் ஞாபகம் இருக்கிறதா? 2011. பதினாலு வயது. அப்பாவை சி.எம்.சி.யில் சேர்த்துவிட்டு மாமாவோடு லாட்ஜில் இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. வாசலில் நின்று டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். ரிமோட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். எதையும் விளக்கவில்லை, விளக்கவும் எனக்கு மொழி இல்லை. அவன் நீட்டினான், சுட்டான். அவ்வளவுதான். மூன்று வாரம், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வருவான். நீங்கள் எல்லாரும் கோல்டன்ஐ-யில் நாலு பேராகப் பிரிந்து ஆடுவீர்கள். 'பின்னாடி பார்ரா' என்று நீங்கள் கத்தியது அவனுக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது, அவனும் அதையே உங்களைப் பார்த்துக் கத்தினான்.

ஊருக்குக் கிளம்பும் நாள் அவன் அம்மாவும் வந்தார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பையன் அம்மா கையில் ரிமோட்டை வைத்து, விரலைப் பிடித்து பி பட்டன் மேல் வைத்தான். இரண்டு குண்டு சுவரில் போனது. மூன்றாவது பட்டது. அவர்கள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் மறக்கவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த முகம் அது. அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

மெஷின் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டு ஹாலில், சென்சார் பாரை டிவிக்கு மேலே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். உன் அளவு எழுதிய நோட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வா, வெயில் இறங்கிய பிறகு. ரிமோட்டுக்கு ரெண்டு பென்சில் பேட்டரி மட்டும் வாங்கிக்கொண்டு வா.